ஒரு வரி கூட எழுதாத எழுத்துப் பயிற்சி

எங்கள் ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் புதிய இணையவழிப் பயிற்சி பற்றி அறிவிப்பு வந்தால், அடுத்து என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 'கடைசித் தேதி எப்போ சார்?' என்று ஒருவர் கேட்பார். சற்று நேரத்தில் 'விடைக்குறிப்பு இருந்தா போடுங்க டீச்சர்' என்று இன்னொருவர் வருவார். பயிற்சி எதைப் பற்றி என்று கேட்டு ஒரு செய்தியும் வந்து நான் பார்த்ததில்லை.

இதை வைத்து ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுபவர்கள், ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். காலையில் பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் வருகைப் பதிவு, அப்புறம் விலையில்லா நோட்டுப் பட்டியல், ஆதாரில் பெயர் திருத்தம், வங்கிக் கணக்கு எண் சரிபார்ப்பு, நடுவில் பாடம். வீட்டுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் பயிற்சிக்காகப் போனைத் திறக்க முடியும். வீடியோ ஒருபக்கம் ஓடும், கிரைண்டர் ஒருபக்கம் ஓடும். எதன் சத்தம் காதில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது நேரமின்மை பற்றி அல்ல. நேரம் ஒதுக்கி, நோட்டு போட்டு, முழு வீடியோவையும் பார்த்து ஒரு பயிற்சியை முடித்த பிறகும் கை காலியாகவே இருந்தது ஏன் என்பதைப் பற்றி. பயிற்சியின் தலைப்பு, தொழில்நுட்பத்தைக் கொண்டு மாணவர்களுக்கு எழுத்துத் திறனை வளர்ப்பது. நடத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்தவர்கள், வீடியோவெல்லாம் சுத்தமாக இருந்தது. எழுதுவது ஒரு செயல்முறை, முதலில் திட்டமிடல், அடுத்து முதல் வரைவு, அப்புறம் திருத்தம், கடைசியில் பிறருக்குக் காட்டுதல் என்று அம்புக்குறி போட்டு அழகாக விளக்கினார்கள். ஒன்றும் தவறில்லை. முடிவில் தேர்வு. 'எழுதும் செயல்முறையின் முதற்படி எது?' என்று கேட்டு நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் பச்சை நிறம் வரும். எல்லாம் பச்சையானதும் பெயர் அச்சிட்ட சான்றிதழ் பிடிஎஃப் ஆக வந்து இறங்கியது.

எழுத்தைப் பற்றிய அந்தப் பயிற்சி முழுவதிலும் நான் ஒரு வாக்கியம் கூட எழுதவில்லை. எழுத ஓர் இடம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் 'உங்கள் கருத்துகளைப் பதிவு செய்க' என்று ஒரு கட்டம். அதில் நிரப்ப வேண்டியது என்ன என்பது தமிழ்நாட்டின் எல்லா ஆசிரியர்களுக்கும் மனப்பாடம்: 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நன்றி.' அதைக் கூடப் பலர் தட்டச்சு செய்வதில்லை. குழுவில் யாரோ போட்டதை நகலெடுத்து ஒட்டுவதுதான்.

இணையவழிப் பயிற்சியே வீண் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. அதற்கு முன்னால் இருந்தது என்ன என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வட்டார வள மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, பதினோரு மணிக்கு டீ, மதியம் குழுவாகப் பிரிந்து சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவது. மாநில அளவில் சில நாள் பயிற்சி பெற்றவர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் வட்டாரக் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் எங்களுக்குச் சொல்வார். கீழே வந்து சேரும்போது அது ஒரு மதியத்துக்குள் அடங்கிப்போகும். முதல் ஆளுக்குப் புரிந்தது நான்காவது ஆளுக்கு வருவதற்குள் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

அந்தக் குறையை இணையம் நிஜமாகவே தீர்த்தது. 2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசு, பாட வீடியோக்களும் ஆசிரியர் பயிற்சிகளும் கொண்ட டிக்‌ஷா தளத்தைத் தொடங்கியது. 2018இல் வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டபோதுதான் எங்களில் பலருக்கு அது அறிமுகம். 2019 ஆகஸ்டில் நிஷ்டா என்ற திட்டம் வந்தது, நாடு முழுவதும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்கு நேரடிப் பயிற்சி என்ற இலக்கோடு. சில மாதங்களிலேயே கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியது. 2020 அக்டோபரில் அதே நிஷ்டா 18 கட்டகங்களாக டிக்‌ஷாவுக்குள் நுழைந்தது. தாளவாடி மலையில் இருக்கும் ஆசிரியரும் சென்னை மேற்கு மாம்பலத்தில் இருக்கும் ஆசிரியரும் ஒரே விளக்கத்தை ஒரே ஆளிடமிருந்து கேட்க முடிந்தது. சிறிய விஷயமில்லை அது. அதே 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. பயிற்சிகளுக்கு மட்டும் எந்தக் குறைவும் இல்லை.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் சேரும் பயிற்சியில் அவர்கள் கற்றார்களா என்று பார்க்க ஒரே வழி, இயந்திரம் திருத்தக்கூடிய கேள்வி. கொள்குறி வினாவை ஒரு நொடியில் கணினி திருத்திவிடும். லட்சம் ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பத்தி எழுதினால் அதை யார் படிப்பது? ஆகவே பத்தி போய்விட்டது, கட்டங்கள் மிஞ்சின. போக்சோ சட்டம் பற்றிய பயிற்சிக்கும் புதிய படிவத்தை நிரப்பும் பயிற்சிக்கும் இது போதும். சட்டம் தெரிந்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேள்வி கேட்டே கண்டுபிடிக்கலாம். எழுத்து அந்த வகையில் சேராது. திட்டமிடல்தான் முதற்படி என்று சரியாகத் தொட்டவர், வெள்ளைத் தாளின் முன்னால் உட்காரும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு என்ன நடக்கிறது என்று அறிந்திருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதை என்னைவிட முன்னால் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். 1974இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர், பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் கூட்டி ஒரு திட்டம் தொடங்கினார். அது வளர்ந்து அமெரிக்கா முழுவதும் பரவிய தேசிய எழுத்துத் திட்டமானது. அதன் அடிப்படை இரண்டே விஷயங்கள்தான். ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கச் சிறந்த ஆள் இன்னொரு ஆசிரியர். எழுத்தைக் கற்பிப்பவர் தானும் எழுத வேண்டும். கோடைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் தங்கள் சொந்த எழுத்தை எழுதுவார்கள், சிறு குழுக்களில் வாசிப்பார்கள், திருத்துவார்கள். இன்று ஆசிரியர் பயிற்சி இணையத்துக்கு நகர்ந்துவிட்டது என்பதற்காக இந்த இரண்டில் எதையும் விட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எளிதில் விட்டுப்போவது இதுதான்.

நம் நிலைமையைச் சொல்கிறேன். ஒரு தமிழாசிரியை ஆண்டு முழுவதும் எழுதுவது என்னென்ன? பாடக்குறிப்பு, விடுப்பு விண்ணப்பம், ஆண்டுவிழா அறிக்கை, மேலாண்மைக் குழுத் தீர்மானம், கேள்வித்தாள். இவற்றில் எதிலும் 'நான் பார்த்தேன்' என்ற சொல்லுக்கு இடமில்லை. பிள்ளைகளிடம் மட்டும் 'உன் சொந்த நடையில் எழுது' என்கிறோம். அவர்களுக்குத் தெரிந்த நடை, நாம் கரும்பலகையில் எழுதிப்போட்ட குறிப்புச் சட்டகம்: முன்னுரை, நான்கு உள்தலைப்பு, முடிவுரை. தலைப்புக்குக் கீழே கோடு, மேற்கோளுக்குக் கறுப்பு மை. எங்கள் ஊர்த் திருவிழா என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது நோட்டிலும் 'எங்கள் ஊரில் திருவிழா வெகு சிறப்பாகக் கொண்டாடப்படும்' என்றே முதல் வரி இருக்கும். கூழ் ஊற்றும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் நடந்த சண்டை எந்த நோட்டிலும் இருக்காது. அந்தச் சண்டையைப் பற்றி வகுப்பே ஒரு வாரம் பேசியிருக்கும்.

அப்புறம் ஒரு சிறிய பயிற்சியில் சேர்ந்தேன். சில ஆசிரியர்கள் தாங்களே கூடி நடத்துவது. சனிக்கிழமை மாலைகளில் கூகுள் மீட், மற்ற நாள்களில் எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் இணைய ஆவணம். வேறு செயலி, தளம் எதுவும் கிடையாது. முதல் கூட்டத்தில் வரவேற்புரை முடிந்ததுமே, 'உங்கள் வீட்டில் இப்போது இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள், பதினைந்து நிமிடம்' என்றார் நடத்தியவர். மீட் திரையில் இருபது முகங்களும் குனிந்தன. சிலர் கேமராவை அணைத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டு கட்டுரை நடத்தியவர்கள் பத்து வரிக்குத் திணறியது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் பொய்யில்லை.

கணக்கு ஆசிரியர் ஒருவர், தன் அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைப் பற்றி எழுதினார். 'அம்மாவின் அன்பு அந்த டப்பாவில் நிறைந்திருந்தது' என்று முதல் வரைவு. எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. பாராட்டக் கூடாது, திருத்தவும் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். ஆவணத்தின் ஓரத்தில் ஒரு டீச்சர் கேட்டார்: 'அந்த டப்பாவுக்கு மூடி சரியாகப் பொருந்துமா சார்?' அவ்வளவுதான். மறுநாள் போய்ப் பார்த்தால் அன்பைப் பற்றிய வரியைக் காணோம். மூடி கழன்றுவிடும் என்பதால் அம்மா பழைய சேலைக் கிழிசலால் டப்பாவைச் சுற்றிக் கட்டிக் கொடுத்ததும், அந்தத் துணி குழம்புக் கறையோடு இருந்ததால் பையன்கள் கேலி செய்ததும், அதற்காக அவர் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் வந்திருந்தன. அந்த ஆவணத்தில் பழைய வடிவங்களைப் பார்க்கும் வசதி உண்டு. எந்த வரி எப்போது நீங்கியது, எது எப்போது வந்தது என்று வண்ணத்தில் காட்டும். திருத்தம் என்றால் என்ன என்று அம்புக்குறி போட்ட எந்த வீடியோவாலும் காட்ட முடியாததை அந்த ஒரு பக்கம் காட்டியது. தொழில்நுட்பம் உருப்படியாகப் பயன்பட்ட இடம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

தொழில்நுட்பம் என்றதும் இன்னொன்று. எங்கள் பயிற்சிகளில் அனிமேஷன் செய்வது எப்படி, வினாடி வினா விளையாட்டு அமைப்பது எப்படி என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். தமிழில் தட்டச்சு செய்வதை யாரும் சொல்லித்தருவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்தது தமிழ் 99 விசைப்பலகை. கால் நூற்றாண்டு தாண்டியும் அதில் விரல் பழகிய ஆசிரியர்கள் எங்கள் ஒன்றியத்தில் குறைவு. பெரும்பாலானோர் போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்குகிறவர்கள். மூத்தவர்களிடம் இருக்கும் கேள்வித்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமல் அவற்றை இணைய ஆவணத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ மந்திரம் வரும். முதல் வாரத்தில் எங்கள் குழுவில் மூன்று பேர் இதோடு மல்லுக்கட்டி, நான்காவது ஆள் எழுத்துரு மாற்றி ஒன்றின் சுட்டியை அனுப்பிய பிறகுதான் வேலை தொடங்கியது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத அந்த அரை மணி நேரம் எனக்குக் கட்டகங்களைவிட உதவியது.

வகுப்பறைக்கு எதைக் கொண்டுபோனேன் என்பதைச் சொல்லாவிட்டால் இதெல்லாம் ஆசிரியர்களின் பொழுதுபோக்கு என்று ஆகிவிடும். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணினி எல்லாம் கிடையாது. ஒரு திரை, என் போன். 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எழுத்தென்றாலே ஒதுங்கும் ஒரு பையன். அவன் கட்டுரை நோட்டில் 'வீட்டு விலங்குகள்' என்ற தலைப்பில் 'ஆடு ஒரு சாதுவான விலங்கு. ஆடு பால் தரும்' என்று இருந்தது, ளகர லகரம் இடம் மாறி. அவன் வீட்டில் ஆடு இருக்கிறது. 'ஆட்டுக்கு என்ன ஆச்சுன்னு போன்கிட்ட சொல்லு' என்றேன். சொன்னான். திரையில் ஓடியது: எங்க ஆடு கெணத்துல விழுந்துருச்சு எங்க அப்பா கயிறு எடுக்கப் போனாரு நான் மட்டும் நின்னேன் ஆடு என்னையே பாத்துச்சு. முதல்முறை 'கெணத்துல' என்பதைப் போன் 'கணக்குல' என்று போட்டது. ஆடு கணக்கில் விழுந்ததில் வகுப்புக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லாமல் வந்த அந்த ஒரே வரிதான் அன்றைய பாடம். முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று பெரிய வாக்குவாதம். 'நான் மட்டும் நின்னேன்' என்பதைத் தனியாக விட வேண்டும் என்று ஒரு பெண் பிடிவாதமாக நின்றாள். 'ஏன்?' என்றதற்கு, 'அப்பதான் பயமா இருக்கும் தமிழம்மா' என்றாள். அடுத்து, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றினார்கள். பாடநூலில் இந்தப் பயிற்சி உண்டு. அங்கே யாரோ சொன்ன வாக்கியம், இங்கே தங்கள் வகுப்புப் பையனின் ஆடு. 'பாத்துச்சு' என்பதைப் 'பார்த்தது' என்று மாற்றிவிட்டு, நன்றாக இல்லை என்று பாதிப் பேர் சொன்னார்கள். மேற்கோள் குறிக்குள் போட்டால் பேச்சிலேயே விடலாம் என்றேன். அப்படியென்றால் அப்பாவும் ஏதாவது பேசட்டும் என்றார்கள். கதைக்குள் உரையாடல் வந்தது. ஆடு பிழைத்ததா என்று கேட்பவர்களுக்கு: பிழைத்தது. கால் ஒன்று நொண்டுகிறதாம்.

இலக்கணத்தையும் இந்த வழியில் இழுத்துவர முடிந்தது. 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் என்ற இருவர், அமெரிக்காவில் 4 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து கார்னகி நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். கணினியில் எழுதுவது எழுத்தின் தரத்துக்கு உதவுகிறது. சிறு வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியமாக்கிப் பழகுவதும் உதவுகிறது. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து மேம்பட்டதாக அவர்களுக்குத் தெரியவில்லை. அது ஆங்கிலத்துக்கான கணக்கு, தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தனிவாக்கியம், தொடர்வாக்கியம், கலவைவாக்கியம் என்று நாமும் மதிப்பெண்ணுக்காக ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறோமே, அதைப் பிள்ளைகளின் சொந்த வரிகளில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. 'அப்பா கயிறு எடுக்கப் போனதால் நான் மட்டும் நின்றேன்' என்று சேர்த்தவனைப் பார்த்து, 'பயம் போயிடுச்சு' என்று அந்தப் பெண் மறுபடியும் சண்டைக்கு வந்தாள். கலவைவாக்கியம் எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லித்தர முடியாது.

ஒற்றுப்பிழைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய நாவி இருக்கிறது, எழுத்துப்பிழைக்கு அவருடைய வாணி இருக்கிறது. தனியொருவரின் உழைப்பில் வந்த, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள். கட்டுரை முடிந்த பிறகுதான் இவற்றைத் திறப்பது என்று வைத்திருக்கிறேன். முதலிலேயே திறந்தால், வல்லினம் மிகுமா மிகாதா என்ற பயத்திலேயே பிள்ளைகள் மூன்று சொல் வாக்கியத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கருவி சொல்வதை அப்படியே ஏற்காமல் ஏன் மிகும் என்று கேட்டு விதியைத் தேடுவதும் ஒரு விளையாட்டாகிவிட்டது. சில நேரம் கருவியே தவறும். அன்றைக்கு வகுப்பில் திருவிழாதான்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதாமல் இந்தத் தலைப்பில் கட்டுரை எழுத முடியாது என்று ஆகிவிட்டது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. எங்கள் பகுதியில் அதை முதலில் முழுமூச்சாகப் பயன்படுத்தியவர்கள் மாணவர்கள் அல்லர், அறிக்கை எழுத வேண்டிய ஆசிரியர்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. யாரும் படிக்காத அறிக்கையை யாரும் எழுதாமல் விடுவது நியாயம்தான். கவனிக்க வேண்டியது வேறு: முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை என்று நாம் கேட்கும் கட்டுரையை அது நம் முதல் மாணவியைவிட நன்றாக எழுதுகிறது. ஆடு என்னையே பார்த்தது என்பதை, பார்க்கப்பட்டவன் சொன்னால்தான் உண்டு.

தேர்வு என்ற சுவர் அப்படியே நிற்கிறது. பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் கட்டுரைக்கு உள்தலைப்பு வேண்டும், மேற்கோள் வேண்டும். திருத்துபவர் நூற்றுக்கணக்கான தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளுக்கு இரண்டு நோட்டு என்று பிரித்துவிட்டேன். ஒன்றில் தேர்வுக் கட்டுரை, சட்டகத்தோடு, கறுப்பு மையோடு. இன்னொன்று கோடில்லாத நோட்டு, அதற்கு மதிப்பெண் கிடையாது. 2022இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய 'தேன்சிட்டு' இதழுக்கு இந்த இரண்டாவது நோட்டிலிருந்து எடுத்து அனுப்புகிறோம். வந்தாலும் வராவிட்டாலும், அனுப்புவதற்காகத் திருத்துகிறார்கள். எட்டு மதிப்பெண்ணுக்கு யாரும் ஒரு வரியை இரண்டாம் முறை பார்த்ததில்லை.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் சனிக்கிழமைப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். 'சான்றிதழ் உண்டா டீச்சர்?' என்பது முதல் கேள்வி. கிடையாது. 'பயிற்சிக் கணக்குல சேருமா?' சேராது. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார்கள். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர், 'தமிழ்க்காரங்களுக்கு மட்டுமா, நாங்களும் வரலாமா?' என்றார். வரலாம் சார், டப்பா பற்றி எழுதியவர் கணக்கு ஆசிரியர்தான். அடுத்த சுற்று காலாண்டு விடுமுறை முடிந்ததும் தொடங்குகிறது. தமிழ் விசைப்பலகை போட்ட ஒரு போன் வேண்டும். பாமினி கோப்புகளை முன்கூட்டியே ஒருங்குறிக்கு மாற்றி வைத்துக்கொண்டு வந்தால் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் மிச்சமாகும்.